பிடிஎஃப் புகைப்படம் அல்ல, சாமி!

தைப்பூசக் காவடி நெருங்கினால் போதும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர அச்சகங்களுக்கு வரும் கோயில் நோட்டீஸ்களில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடக்கும். கேட்டால், "பிடிஎஃப் ஆக்கித்தானே அனுப்பினோம், உங்கள் மெஷின்தான் கோளாறு" என்று பதில். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைப்பதுதான் பிடிஎஃப் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். "இந்த இடத்தில், இந்த ஃபாண்டில், இந்த எழுத்தைப் போடு" என்ற கட்டளைகள்தான் பெரும்பாலும் அதற்குள் இருக்கின்றன. ஃபாண்டும், அதாவது எழுத்துருவும், ஃபைலுக்குள் போனால்தான் எழுத்து சரியாக வரும். பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. ஃபாண்ட் விடுபட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் பல்லிளிக்கும். கோயில் கணினியில் சரியாகத் தெரிகிறதே என்று வாதாடாதீர்கள். அங்கே பாமினி இருக்கிறது, அவ்வளவுதான். இதைவிட மோசம், வேர்ட் ஃபைலை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகனுக்கு அனுப்பி, பிடிஎஃப் ஆக்கித் தரச் சொல்வது. அவர் கணினியில் பாமினி இல்லையென்றால் வேறு ஃபாண்ட் வந்து உட்கார்ந்துவிடும். தட்டச்சு செய்த கணினியிலேயே பிடிஎஃப் எடுங்கள்.

அனுப்புவதற்கு முன், அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல்-டி அழுத்தி 'ஃபாண்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடட்' (ஃபாண்ட் உள்ளே இருக்கிறது) அல்லது 'எம்பெடட் சப்செட்' (பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் உள்ளே இருக்கின்றன) என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பாதீர்கள். வேர்டில் பிரிண்டுக்குப் போகாமல் 'சேவ் ஆஸ்' வழியாக பிடிஎஃப் தேர்ந்து, 'ஆப்ஷன்ஸ்' உள்ளே பிடிஎஃப்/ஏ என்பதை டிக் செய்யுங்கள். எல்லா ஃபாண்டும் உள்ளே இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. அடோபியின் பிடிஎஃப் தயாரிக்கும் மென்பொருளான அக்ரோபேட்டின் 'அடோபி பிடிஎஃப்' பிரிண்டரில், பிடிஎஃப் வராமல் ஃபாண்டை அனுப்பச் சொல்லிப் பிழைச் செய்தி வந்தால், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'ரிலை ஆன் சிஸ்டம் ஃபாண்ட்ஸ் ஒன்லி' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். உள்ளே வைக்க முடியாதபடி பூட்டிய ஃபாண்டுகளும் உண்டு. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதிதாக அடிப்பதையாவது லதா, நிர்மலா, நோட்டோ போன்ற, தமிழுக்கென்றே தனி இடம் உள்ள யூனிகோட் ஃபாண்டில் அடியுங்களேன். வாட்ஸ்அப்பில் எடுத்து ஒட்டினாலும் தமிழாகவே இருக்கும்.

விண்டோஸ் 10 முதல் கூடவே வரும் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வேலை செய்யவில்லை என்று விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சேவ் பெட்டி வரவில்லையா? மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஆல்ட்-டேப் அழுத்துங்கள். அங்கேயும் இல்லையென்றால் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட் 'போர்ட்பிராம்ப்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். 0 கேபி ஃபைல் வந்தால், அதே பெயரில் பழையது ரீடரில் திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். பெயரில் "11/2" என்று சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது, காற்புள்ளியும் வேண்டாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்கிப் பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் சிக்கல்தான். டெஸ்க்டாப்பில் நேராகச் சேமித்துச் சோதியுங்கள். எதற்கும் அசையவில்லையென்றால் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் அதன் டிக்கை எடுத்து, மறுபடி போடுங்கள்.

லோட்-ஷெடிங் காலத்துப் பழைய வியாதி ஒன்று: பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால் வரிசையில் அரைகுறை வேலை சிக்கிக்கொண்டு, பின்னால் வருவதையெல்லாம் மறிக்கும். 'சர்வீசஸ்' திறந்து, அந்த வரிசையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலரை' நிறுத்துங்கள். விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அந்த ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. பிறகு ஸ்பூலரைத் தொடங்குங்கள்.

கடைசியாகத் தாள் அளவு. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் லெட்டர் தாளில், அதாவது 216×279 மில்லிமீட்டரில் பிடிஎஃப் வரும். நம் ஊர்த் தாள் ஏ4, 210×297. லெட்டரை ஏ4-இல் பொருத்தினால் நூற்றுக்கு 97 ஆகச் சுருங்கி, உயரத்தில் 25 மில்லிமீட்டர் வெள்ளை மிஞ்சும். மூன்றாக மடிக்கும் நிகழ்ச்சி நிரலில் மடிப்பு எழுத்தின் மேலேயே விழும். வேர்டில் 'லேஅவுட்' போய் 'சைஸ்' ஏ4 என்று மாற்றிவிட்டுத் தட்டச்சைத் தொடங்குங்கள், முடித்த பிறகு அல்ல.