பூவை மட்டும் பார்த்தால் போதாது: பாபின் லேஸின் வலையைப் பற்றி

தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, பாபின் என்ற சிறு குச்சிகளில் சுற்றிய நூல்களைப் பின்னிச் செய்வது பாபின் லேஸ். அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் தொடர்ந்து காணும் குறை ஒன்று உண்டு. பூவையும் இலையையும் பார்த்துப் பார்த்துப் பின்னுகிறவர்கள், அவற்றைத் தாங்கி நிற்கும் வலையை, அதாவது நாங்கள் 'கிரவுண்ட்' என்று சொல்லும் பகுதியை, இடத்தை நிரப்பும் வேலையாக நினைத்து அவசரமாக முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கலையில் கையசைவுகள் இரண்டே. நான்கு பாபின்களில் நடுவிலுள்ள இரண்டை, இடதை வலதின் மேல் போட்டு மாற்றுவது குறுக்கு. ஒவ்வொரு இணையிலும் வலதை இடதின் மேல் போடுவது முறுக்கு. ஒரு குறுக்கு, ஒரு முறுக்கு, ஒரு குண்டூசி, மீண்டும் ஒரு குறுக்கு, ஒரு முறுக்கு என்று போனால் டார்ஷன் என்ற லேஸ் வகையின் எளிய கட்டம் கிடைக்கும். ஊசிக்குப் பின் மீண்டும் பின்னி மூடாமல், ஒரு குறுக்குக்கு மூன்று முறுக்கு கொடுத்தால் கண்ணிகள் அறுகோணமாக விரிந்து, பக்கிங்ஹாம்ஷயர் லேஸின் மெல்லிய வலையாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரோஸ் கிரவுண்ட். நான்கு இணைகள், அதாவது எட்டு பாபின்கள், நான்கு ஊசிகளைச் சுற்றிச் சேர்ந்து ஒரு சிறு பூவாகின்றன. ஊசிகளுக்கு முன்னும் பின்னும் இரு பக்கத்து இணைகளும் ஊசியில்லாமலே ஒருமுறை சந்தித்துக்கொள்கின்றன. அந்தச் சந்திப்பில் அரைத் தையலுக்கு (குறுக்கு, முறுக்கு) பதிலாகத் துணித் தையல் (குறுக்கு, முறுக்கு, குறுக்கு) போட்டாலே, ஊசி குத்தும் அதே மாதிரித்தாளில், அதே துளைகளில், வேறொரு வலை பிறக்கிறது. ஒரு மாணவி ஒரே மாதிரித்தாளில் ஆறு வகை பின்னிக் காட்டிய நாளில் வகுப்பே வாயடைத்து நின்றது. ஆனால் நூல் தடித்தால் இந்த நுணுக்கம் அத்தனையும் அடைபட்டுப் போகும். ஆகவே, ஓரத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஊசிகளுக்கு இடையிலான அகலத்தில் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். டார்ஷனுக்கு 10 முதல் 12 சுற்று அடங்கினால் நூல் ஏறக்குறையச் சரி.

1808, 1809 ஆண்டுகளில் ஆங்கிலேயரான ஜான் ஹீத்கோட் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் அறுகோண வலையையே நெய்யத் தொடங்கின. பிரஸ்ஸல்ஸில் கையால் பின்னிய வலை மறைந்து, இயந்திர வலைமேல் கைப்பூக்களைத் தைக்கும் வழக்கம் பெருகியது. பூ கைவேலை என்பதால் வலையும் கைவேலை ஆகிவிடாது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிகள் வழியாகத் தலையணை லேஸ், அதாவது பாபின் லேஸ், வேரூன்றிய நாகர்கோவில் பக்கத்து வீடுகளில், பாட்டிமாரின் பெட்டியில் இன்னும் துண்டுகள் கிடக்கலாம். அவற்றைத் தூக்கிப் போடும் முன் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பூவின் விளிம்பைப் பாருங்கள். வலையின் நூல்களே பூவுக்குள் நுழைந்து துணித் தையலாகி மறுபக்கம் மீண்டும் வலையாக வெளியேறினால், இரண்டும் ஒரே தலையணையில் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வலை பூவுக்குப் பின்னால் தொடர்ந்து ஓடி, விளிம்பில் தையல் தெரிந்தால், பூ பிறகு சேர்க்கப்பட்டது.