துடுப்பு செய்யப் போகிறீர்களா? முதலில் பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள்

போன டிசம்பரில் ஒரு தம்பி உடைந்த துடுப்போடு என் பட்டறைக்கு வந்தார். முட்டுக்காடு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் கடலை நோக்கி இழுக்கிற நேரத்தில் கயாக் என்கிற ஒடுக்கமான சின்னப் படகில் போயிருக்கிறார், அழுத்தி ஒரு தள்ளு தள்ளியதும் காம்பும் தட்டைப் பகுதியும் சேர்கிற கழுத்தில் இரண்டாகிவிட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், கையாலேயே துழாவித் துழாவி ஒருவழியாகக் கரை சேர்ந்திருக்கிறார். "நல்ல தேக்குதாண்ணா வாங்கினேன், எப்படிண்ணா உடையும்?" என்று கேட்டார்.

உடைந்த இடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாழைக்காயைச் சாய்வாக நறுக்கினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி சரிவாக, கிட்டத்தட்ட வழவழவென்று உடைந்திருந்தது. நார் நேராக ஓடுகிற மரம் அப்படி உடையாது. சிம்பு சிம்பாக, கரும்பைப் பிளந்த மாதிரி நீளமாகக் கிழியும், கிழிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு தொங்கும். அந்தக் கொஞ்ச நேரம் போதும், கரைக்கு வந்துவிடலாம்.

இருபது வருஷமாக மரவேலைதான் எனக்குத் தொழில். கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு என்று படகு ஓட்டப் போகிறவர்கள் துடுப்பைத் தாங்களே இழைக்க ஆசைப்பட்டு என்னிடம் வந்து கேட்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் எல்லோரும் கேட்பது "என்ன மரம் வாங்கலாம்?" என்றுதான். அந்தப் பலகைக்குள் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

மரத்தின் பலம் முழுக்க நாரின் நீளவாக்கில்தான் இருக்கிறது. மரம் கொஞ்சம் வளைந்திருக்கும், அறுக்கிற வாள் நேராகப் போகும், அதனால் நார் பலகையின் ஒரு முகத்தில் புகுந்து மறு முகத்தில் வெளியேறிவிடும். 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் சாய்ந்தால் வளைவைத் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்றால் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான் மிஞ்சும். பாறையிலோ தரையிலோ திடீரென்று இடித்தால் இழப்பு இதைவிட அதிகம். தேக்கு, பைன், தேவதாரு என்று எந்த மரமானாலும் இதே கதைதான்.

இதில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் அகலமான முகத்தில் ரேகை நேராக, அழகாகத் தெரியும், சாய்வு பக்கவாட்டில் ஒளிந்திருக்கும். நான் மரக்கடைக்குப் போனால் சட்டைப் பையில் ஒரு மை பேனா இருக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் ஒரு சின்ன இடத்தை இழைத்துச் சுத்தமாக்கி, ஒரு சொட்டு மை வைப்பேன். மை நாரைப் பிடித்துக்கொண்டு மெல்லிய கோடாக ஓடும். அந்தக் கோடு பலகையின் விளிம்புக்கு இணையாக ஓடினால் வாங்கலாம், விளிம்பை நோக்கிச் சரிந்தால் அடுத்த பலகை. ஆறு பலகை புரட்டினால் ஒன்று தேறும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பொறுமையாகப் பாருங்கள். கழுத்து வரப்போகும் இடத்தில் கணு இருந்தால் வேண்டவே வேண்டாம். பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, நன்றாகக் காய்ந்திருக்கும், ஆணி மட்டும் பார்த்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அளவு. கயாக்குக்கு நீங்களே செய்யச் சுலபமானது கிரீன்லாந்து இனுயிட் மக்கள் வழிவழியாகச் செய்துவரும், இரண்டு முனையிலும் தட்டைப் பகுதி உள்ள ஒல்லியான இரட்டைத் துடுப்பு. அதன் நீளத்துக்கு அவர்கள் சொல்லும் கணக்கு நமக்குப் புதிதே இல்லை: ஒரு பாகமும் ஒரு முழமும். இரண்டு கையையும் விரித்த அளவோடு முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான அளவைச் சேர்த்தால் ஐந்தரை அடி ஆளுக்குச் சுமார் 7 அடி வரும். நம் மீனவர்கள் கடல் ஆழத்தைப் பாகத்தில் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். நாலுக்கு ரெண்டு கட்டை ஒன்று போதும், ஒட்டு வேலை எதுவும் தேவையில்லை. தட்டைப் பகுதி உங்கள் கைக்குள் அடங்குகிற அகலம், அதாவது மூன்றரை அங்குலம் போல. தேக்கில் 7 அடி என்றால் தோள் சீக்கிரம் வலிக்கும், அதனால் நான் பைனைத்தான் சொல்வேன். கேனூ என்கிற திறந்த படகுக்கான, ஒரு முனையில் மட்டும் தட்டையான ஒற்றைத் துடுப்பு குட்டையானது, அதற்குத் தேக்கு தாங்கும். எதுவானாலும் கழுத்தை வெடுக்கென்று ஒடுக்காமல் படிப்படியாக இழைத்து இறக்குங்கள்.

பலகைகளை ஒட்டிச் செய்வதானால் வீட்டுச் சாமான்களுக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசை ஆகாது, தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். இரண்டு பாகத்தைக் கலந்து போடும் எப்பாக்ஸி பசை போடுங்கள், கையுறையோடு. ஒருமுறை அது தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு தொடும்போதெல்லாம் அரிக்கும்.

தூசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃபிளாட் பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்) ஓட்டுகிறார்கள், பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது, முக்கியமாக மூக்கின் உட்பகுதியில். ஒரு துடுப்பால் வந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, வருஷக்கணக்கில் சுவாசிக்கிற எங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இருந்தாலும் N95 முகக்கவசம் போடுங்கள், குழந்தையை உள்ளே அனுப்புங்கள். இழைப்புளியில் முடிந்தவரை இழைத்துவிட்டு, கடைசி வேலைக்கு மட்டும் உப்புத்தாள் எடுத்தால் தூசியே பாதியாகிவிடும், சுருள் சுருளாக விழுவதைக் கூட்டி அள்ளிவிடலாம்.

அந்தத் தம்பி இப்போது பைனில் புதிதாக ஒன்று செய்து முடித்துவிட்டார். தண்ணீருக்குப் போவதற்கு முன்னால் அதன் இரண்டு முனையையும் செங்கல் மேல் வைத்து, நடுவில் கையை ஊன்றி உடம்பு எடையை மெதுவாக இறக்கச் சொன்னேன். வளைந்து கொடுத்தது, சத்தம் எதுவும் இல்லை. அப்புறம் ஆளிவிதை எண்ணெய் பூசினோம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடப் போனார், நான் வாங்கிக்கொண்டேன். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து, வெளியே கொடியில் போட்டுக் காயவிட்டோம்.