ஒல்லியான குழந்தை சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது?

நான்கு வயது நிறைந்த தம் மகளைப் பற்றி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். எடை 14 கிலோ, உயரம் 98 செ.மீ. ஒரு வயதில் மணிக்கட்டில் மடிப்பு விழும் அளவுக்குக் கொழுகொழுவென்று இருந்தவளுக்கு இப்போது குளிப்பாட்டும்போது விலா எலும்புகளை எண்ண முடிகிறதாம். காண்பவர்கள் எல்லாம் "பிள்ளைக்குச் சாப்பாடே கொடுப்பதில்லையா?" என்று கேட்கிறார்கள் என்று வருந்தும் அவர், "ஓரளவு சாப்பிடத்தான் செய்கிறாள். அது உடம்பில் ஒட்டாமல் எங்கேதான் போகிறது?" என்று முடித்திருக்கிறார். கடைசிக் கேள்வி ஆதங்கத்தில் கேட்கப்பட்டதுதான் என்றாலும், அது அறிவியல் கேள்வியும்கூட. அதற்குக் கிடைத்திருக்கும் விடை எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்து 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தின்படி, நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நான்கு வயதுப் பெண் குழந்தைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால், 14 கிலோ எடையுள்ளவள் குறைந்த எடையின் பக்கமிருந்து ஏறத்தாழ பதினாறாவது இடத்தில் நிற்பாள். அந்த நூறு பேரில் யாரோ ஒருத்தி அந்த இடத்தில் நின்றுதானே ஆக வேண்டும்? உயரத்திலும் அவள் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கிறாள். ஆகவே உயரத்துக்கு ஏற்ற எடைதான்.

இனி அந்த மடிப்புகள் எங்கே போயின என்பதற்கு வருவோம். முதல் ஆண்டில் 25 செ.மீ. வளரும் குழந்தை, நான்கு வயதில் ஆண்டுக்கு 6 அல்லது 7 செ.மீ. மட்டுமே வளர்கிறது. பிறந்த முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்குத் தேவைப்படும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு புதிய உடலைக் கட்டுவதற்கே செலவாகிறது. ஒரு வயதாகும்போது இப்பங்கு 3 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தை திடீரென்று சாப்பாட்டைக் கண்டால் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உயரத்தையும் எடையையும் இணைத்துப் பார்க்கும் பி.எம்.ஐ. அளவும் ஒரு வயதில் சராசரியாக 16-க்குச் சற்று மேல் இருந்து, படிப்படியாக இறங்கி, ஐந்து, ஆறு வயதில் 15-ஐ ஒட்டி அடிமட்டத்தைத் தொட்ட பிறகே மீண்டும் ஏறுகிறது. குழந்தைப் பருவத்தில் உடல் மிக மெலிந்து தோன்றுவது இந்த வயதில்தான்.

இதே வயதில் மண்டைக்குள் நடப்பதைக் கவனித்தால் வியப்பு ஏற்படும். வளர்ந்த மனிதரின் மூளை, உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மானுடவியலாளர் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதை ஒட்டிய குழந்தையின் மூளை எரிக்கும் குளுக்கோஸ், உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் 66 சதவீதத்துக்கு ஈடாக இருக்கிறது. ஓட்டம், விளையாட்டு அனைத்தையும் சேர்த்த ஒரு நாளின் மொத்தத் தேவையைக் கணக்கிட்டாலும் அது 43 சதவீதம். அதாவது, அந்தச் சிறுமி உண்ணும் ஒவ்வொரு ஐந்து வாயிலும் இரண்டு வாய்க்கு மேல் மூளைக்கே போய்விடுகிறது!

இவ்வளவு பசி ஏன்? நரம்பணு ஒன்று சமிக்ஞை அனுப்பும் ஒவ்வொரு முறையும் அதன் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அடுத்த சமிக்ஞைக்குத் தயாராக வேண்டுமானால் அவற்றை இறைத்து வெளியேற்றியாக வேண்டும். சவ்வில் பதிந்திருக்கும் புரத இறைப்பான், ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, அதற்குக் கூலியாக, செல்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது, தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை. சிறு குழந்தையின் மூளையில் நரம்பிணைப்புகள் பெரியவர்களிடம் இருப்பதைவிட அதிகம், ஏனென்றால் முதலில் தாராளமாகப் பின்னிவிட்டு, பயன்படாதவற்றைப் பிறகு கத்தரிப்பதே மூளையின் வழக்கம். பெரியவருடையதை நெருங்கிவிட்ட மூளையை, பெரியவரின் எடையில் கால் பங்குகூட இல்லாத உடல் சுமந்து நின்று தீனி போட வேண்டியிருக்கிறது. மூளையின் செலவு கூடக்கூட உடல் எடை ஏறும் வேகம் குறைவதையும், பின்னர் செலவு இறங்க இறங்க அவ்வேகம் கூடுவதையும் அந்த ஆய்வு காட்டியது. இவை ஒன்றோடொன்று பொருந்திப்போகின்றன என்பதுதான் இதுவரை தெரிந்தது. ஒன்றால்தான் மற்றொன்று நிகழ்கிறது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

குசாவா குழுவினர் பயன்படுத்திய, மூளையின் குளுக்கோஸ் செலவைப் படம்பிடித்துக் காட்டும் பெட் ஸ்கேன் அளவுகள், ஹாரி சுகானி குழுவினர் வேறு நோக்கத்துக்காக எடுத்து 1987-இலேயே வெளியிட்டவை. "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு ஆய்வுக்கு நிதி மறுப்பவர்கள், கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்து வேறொரு கேள்விக்கு விடையான இந்த எண்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மூளையால் எரிபொருளைப் பெரிதாகச் சேமித்துவைக்க முடியாது. குழந்தையின் கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பும் சிறியது. அதனால்தான் ஒல்லியான சிறு குழந்தைகளை நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு விடக் கூடாது. தட்டு நிறைய வைத்து மிரட்டுவதைவிட, சிறுகச் சிறுகப் பலமுறை கொடுப்பதே பொருத்தம். பசியைத் தூண்டும் என்று விற்கப்படும் டானிக்குகளை மருத்துவரைக் கேளாமல் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. அவ்வாறு பயன்படுத்தப்படும் மருந்துகளுள் ஒன்று உண்மையில் ஒவ்வாமைக்கானது. பசியும் தூக்கமும் அதன் பக்க விளைவுகள்.

அதற்காக, எல்லா மெலிவும் மூளைக் கணக்கில் சேராது. வளர்ச்சி வரைபடத்தில் வரையப்பட்டிருக்கும் வளைகோடுகளுள் தனக்கென ஒரு கோட்டை ஒட்டி வந்துகொண்டிருந்த குழந்தை, அடுத்தடுத்து இரண்டு கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். முதலில் எடை விழுந்து, பிறகு உயரமும் தளர்ந்தால் உணவுக் குறைவையோ குடல் உறிஞ்சுவதிலுள்ள கோளாறையோ தேடுவார்கள். எடை நன்றாகவே இருக்க உயரம் மட்டும் நின்றுபோனால், சந்தேகம் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் ஆகியவற்றின் பக்கம் திரும்பும். ஓயாத வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், விளையாடாமல் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுக்கு வரைபடத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையே இல்லை.

வாசகி வாரந்தோறும் எடை பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார். இந்த வயதில் எடை ஆண்டுக்கு 2 கிலோ அளவில்தான் கூடும். மாதத்துக்கு 170 கிராம்கூட ஆகாது. எடைக்கருவியில் ஏறுவதற்கு முன் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாலே 200 கிராம் கூடிவிடும். ஆகவே இன்றைய அளவுகளைக் குறித்துவைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து, செருப்பில்லாமல், அதே கருவியில் நிறுத்திப் பாருங்கள். 15 கிலோவை நெருங்கி, உயரமும் 3 செ.மீ. கூடியிருந்தால், அவள் தன் கோட்டிலேயே போய்க்கொண்டிருக்கிறாள் என்று பொருள்.