சீனக்குடாவில் கையால் சுற்றிய புரொப்பெல்லர்

பழைய குண்டுவீச்சு விமானங்களை ஸ்டார்ட் செய்வதற்கு முன், தரைப் பணியாளர்கள் இரண்டிரண்டு பேராக நின்று புரொப்பெல்லரின் இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுற்றுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் செக்கு இழுப்பது மாதிரி இருக்கும். இவ்வளவு பெரிய என்ஜினைக் கையால் சுற்றி என்ன ஆகப்போகிறது?

அந்த என்ஜின்களில் சிலிண்டர்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வட்டமாக நிற்கும். அதனால்தான் ரேடியல் என்ஜின் என்று பெயர். வட்டம் என்றால் கீழ்ப்பாதியில் இருக்கும் சிலிண்டர்கள் தலைகீழாகத்தானே தொங்க வேண்டும்? என்ஜின் நின்றிருக்கும் நேரத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி அவற்றில் தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் முரட்டுத்தனமாகச் சுற்றினால் பிஸ்டன் அந்த எண்ணெயில் போய் முட்டும்; அதன் தண்டு வளையும். வளைந்த தண்டு அப்போதே முறிந்தால்கூடப் பரவாயில்லை. பல மணி நேரம் ஓடிவிட்டு, நடுவானில் முறிந்தால்?

கையால் தள்ளும்போது இலை சட்டென்று முரண்டு பிடித்தால் எண்ணெய் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். கூட நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளக் கூடாது. அதே தண்டு கைப்பலத்திலும் வளையும். பின்பக்கமாகவும் சுற்றக் கூடாது. எண்ணெய் காற்றுக்குழாய்க்குள் போய் உட்கார்ந்து, ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடியவிடுவதுதான் வழி.

1944 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திருகோணமலைக்கு அருகே சீனக்குடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் நின்றிருந்தன. சுமத்ராவில் ஜப்பானியர் வசமிருந்த பலெம்பாங் எண்ணெய் ஆலைதான் இலக்கு. போய்வர ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் கடல்மேல். விமானத்துக்கு நாலு என்ஜின், ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர், 2,200 குதிரைத்திறன். ரைட் நிறுவனத்தின் ஆர்-3350.

அந்த என்ஜினுக்குச் சூடுதான் பெரிய வியாதி. இதில் ரேடியேட்டர் கிடையாது; எதிரே வரும் காற்றுதான் குளிர்விக்க வேண்டும். சிலிண்டர்களோ முன்னால் ஒன்பது, பின்னால் ஒன்பது என்று இரண்டு வரிசை. முன்வரிசையைத் தடவிச் சூடான காற்றுதான் பின்வரிசைக்குக் கிடைக்கும், பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு ஆறிய சோறு கிடைப்பதற்கு நேர் எதிராக. போதாக்குறைக்கு, வேகத்துக்காக என்ஜினை இறுக்கமான மூடிக்குள் அடைத்திருந்தார்கள். மூடியின் பின்விளிம்பில் உள்ள மடல்களைத் திறந்தால் காற்று நன்றாக ஓடும், ஆனால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். மூடினால் சூடு ஏறும்.

சூடு மீறினால் புகைபோக்கி வால்வின் தலை உடைந்து சிலிண்டருக்குள் விழும். சிலிண்டர் சிதறும், எண்ணெயும் பெட்ரோலும் பற்றிக்கொள்ளும். எடையைக் குறைக்க என்ஜின் கூட்டின் சில பாகங்களை மக்னீசியக் கலவையில் வார்த்திருந்தார்கள். மக்னீசியம் பற்றினால் தீயணைப்பானுக்கு அடங்காது; இறக்கையின் முதுகெலும்பையே அறுத்துவிடும். 1943 பிப்ரவரி 18 அன்று சியாட்டிலில் சோதனை விமானி எடி ஆலன் ஓட்டிய பி-29 என்ஜின் தீயால் ஓர் இறைச்சித் தொழிற்சாலைமேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 11 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த வருடம் ஏப்ரலில், இந்தியாவுக்கு வரும் வழியில், கராச்சி வெயிலில் மேலும் சில விழுந்தன.

சீனக்குடாவுக்கு வந்த பி-29கள் வழக்கமாகத் தங்கியிருந்த தளங்கள் கல்கத்தாவுக்கு மேற்கே கரக்பூர், சாகுலியா பக்கம். தலைமையகம் ஹிஜ்லி சிறைமுகாம் கட்டடத்தில்; பிற்பாடு ஐஐடி தொடங்கியதும் அதே கட்டடத்தில்தான். கோடையில் தரையில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாலே வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறிவிடும். அதனால் சீக்கிரம் ஓடுபாதைக்குப் போ, சீக்கிரம் கிளம்பு என்பதுதான் விதி. கிளம்பிய பிறகும் உடனே உயரம் ஏற மாட்டார்கள். தாழ்வாகவே பறந்து வேகம் பிடிப்பார்கள். வேகம் வந்தால்தான் காற்று, காற்று வந்தால்தான் குளிர்ச்சி.

அந்தச் சில நிமிடங்களைத்தான் பி-29 குழுவினர் திரும்பத் திரும்ப நினைவுகூர்வார்கள். என்ஜின் பொறியாளர் வால்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். போகிற திசை அவருக்குத் தெரியாது, எதிரே முட்கள் மட்டும்தான். பக்கவாட்டுக் கண்ணாடிக் குமிழ்களில் இருக்கும் துப்பாக்கி வீரர்கள் அந்த நேரத்தில் எதிரியைத் தேடுவதில்லை. புகை வருகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று தங்கள் என்ஜின்களையேதான் உற்றுப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வைத்தியம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. காற்றைத் திருப்பிவிடும் தகடுகளை மாற்றினார்கள், வால்வுகளுக்குக் கூடுதல் எண்ணெய்க் குழாய் போட்டார்கள், மடல்களைத் திருத்தினார்கள். அப்புறம் கார்புரேட்டர் போய் நேரடி எரிபொருள் செலுத்தும் முறை வந்தது. 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியாவின் முதல் விமானம் கிளம்பியபோது, அந்த கான்ஸ்டலேஷன் ரகப் பயணிகள் விமானத்தின் இறக்கைகளில் இருந்தது இதே ஆர்-3350 குடும்பத்து என்ஜின்கள்தான்.