மெஷின் வந்து இறங்கிய பிறகு ஆடிட்டரைக் கூப்பிடாதீர்கள்

"மெஷின் வந்து எறங்கீருச்சுங்க சார். ரிப்போர்ட்ல தேதிய மட்டும் கொஞ்சம் முன்னாடி போட்டுக் குடுத்தீங்கன்னா சப்சிடிக்கு வெச்சுக்குவேனுங்க."

போன வாரமும் இப்படி ஒரு ஃபோன். கோவையைச் சுற்றி எரிசக்தித் தணிக்கை (ஆலையில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் எனர்ஜி ஆடிட்) செய்யும் யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். பேசியவர் நல்ல மனிதர், சொந்த உழைப்பில் ஃபவுண்டரி (இரும்பு வார்ப்பாலை) நடத்துகிறவர். 12 லட்சம் போட்டுப் மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் புது ஸ்க்ரூ கம்ப்ரசர் வாங்கியிருக்கிறார். பழையதை எடைக்குப் போட்டாயிற்று. முடியாதுங்க என்றேன். தேதியை மாற்றி எழுதுவது மோசடி. என் சான்றிதழும் போகும், அவர் மேலும் வழக்கு வரும். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது வேறு காரணத்துக்காக. நேர் வழியிலேயே வந்திருக்க வேண்டிய 3 லட்சம் ரூபாய், வரிசையை மாற்றிச் செய்ததால் மட்டும் கைவிட்டுப் போனது.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆலை முழுக்க நிறுத்தம், கம்ப்ரசர் மட்டும் ஓடுகிறது. மோல்டிங் பக்கம் போனால் நாலு இடத்தில் உஸ்ஸென்று சத்தம். உற்பத்தியாகும் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிவுக்கே போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் உடைந்து கிடக்கும்போது பம்புசெட்டை மாற்றி வயலுக்கு என்ன பிரயோஜனம்? குழாய், கப்ளிங், பழைய ஹோஸ் எல்லாவற்றையும் சரி செய்திருந்தால் அவருக்கு இதைவிடச் சின்னக் கம்ப்ரசரே போதும். இப்போது பெரிய கம்ப்ரசருக்குக் கடனும் கட்டுகிறார், கசிவுக்குக் கரண்ட் பில்லும் கட்டுகிறார்.

அரசு என்ன தருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை நடத்தும் எரிசக்தித் தணிக்கை, சேமிப்பு ஊக்குவிப்புத் திட்டத்தை நாங்கள் 'பீஸ்' (PEACE) என்போம். தணிக்கைக்கு ஆகும் செலவில் 75 சதவீதத்தை, 1 லட்சம் ரூபாய் வரை, திருப்பித் தருகிறார்கள். தணிக்கை அறிக்கையில் பரிந்துரைத்தபடி இயந்திரத்தை மாற்றினாலோ மேம்படுத்தினாலோ அதன் விலையில் 25 சதவீதம், 10 லட்சம் வரை. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாக. மத்திய அரசு பக்கம், 2025 ஜூலையில் பானிபட்டில் தொடங்கிவைத்த 'அடீட்டி' (ADEETIE) திட்டம் இருக்கிறது. ஒதுக்கீடு 1000 கோடி. எரிசக்தித் திறன் பணியகம், அதாவது நம் ஆட்கள் பிஇஇ என்று சொல்வது, அதை நடத்துகிறது. எரிசக்தியை மிச்சப்படுத்தும் இயந்திரத்துக்காக வாங்கும் கடனின் வட்டியில், குறு, சிறு ஆலைகளுக்கு 5 சதவீதமும், நடுத்தர ஆலைகளுக்கு 3 சதவீதமும் அரசு ஏற்கும். 40 லட்சம் கடன் வாங்கும் ஒரு சிறு ஆலைக்கு முதல் வருடம் மட்டும் 2 லட்சத்துக்குப் பக்கத்தில் மிச்சம். 14 துறைகளுக்கு இது பொருந்தும்: ஜவுளி, ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், தோல், செங்கல், காகிதம், உணவுப் பதப்படுத்தல் எல்லாம் அதில் உண்டு. முதல் கட்டத்துக்கு 60 கிளஸ்டர்களை (ஒரே தொழில் ஆலைகள் கூட்டமாக இருக்கும் ஊர்களை) தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசையை வளர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். தணிக்கை அறிக்கை என்பது மானிய ஃபைலில் சேர்க்க வேண்டிய இன்னொரு தாள், ஆதார் நகல் மாதிரி, பான் நகல் மாதிரி என்று பெரும்பாலான முதலாளிகள் நினைக்கிறார்கள். இயந்திரம் விற்க வரும் டீலரும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்: "நீங்க ஆர்டர் போடுங்க, ரிப்போர்ட் நாங்க ஏற்பாடு பண்ணிக்கிறோம்." தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

ஏன் என்று கேட்கிறவர்களுக்காகப் பொறுமையாக எழுதுகிறேன். 'பீஸ்' திட்டத்தில் மானியம் தருவது தணிக்கை பரிந்துரைத்த இயந்திரத்துக்கு. பரிந்துரைக்கு முன்னால் வாங்கியது எப்படிப் பரிந்துரையின் விளைவாகும்? 'அடீட்டி' இன்னும் கண்டிப்பானது. குறைந்தது 10 சதவீதம் எரிசக்தி மிச்சமானதை அளந்து நிரூபிக்க வேண்டும். மிச்சம் என்றால் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்கள் வேண்டும். அந்த 'முன்பு' என்கிற எண் உங்கள் பழைய இயந்திரத்துக்குள் இருக்கிறது. அதை அளக்காமல் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டால், உலகத்தில் எந்த ஆடிட்டராலும் அந்த எண்ணை மீட்டுத் தர முடியாது. பில்லை வைத்துப் போடக் கூடாதா என்கிறார்கள். பில் என்பது ஆலை முழுமைக்கும் ஒரே மீட்டர். ஒரு மாதம் ஆர்டர் அதிகம், ஒரு மாதம் தீபாவளி லீவு. அதில் ஒரு கம்ப்ரசரின் பங்கை எப்படிப் பிரிப்பது?

இதையெல்லாம் விட முக்கியமான காரணம் மானியத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. எது வீணாகிறது என்று முதலாளி நினைப்பதும், மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போவது அபூர்வம். கண்ணுக்குப் பழசாகத் தெரிவதை மாற்றுகிறார்கள். வீணாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று சுமார் 3 கிலோவாட்டைத் தின்னும். வருடத்துக்கு 6000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 18,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 1,26,000 ரூபாய், ஒரே ஒரு துளைக்கு. கடைசி மெஷினில் பிரஷர் வரவில்லை என்று ஃபிட்டர் கம்ப்ரசர் செட்டிங்கை ஒரு பார் ஏற்றிவிடுவார். அந்த ஒரு பாருக்கு மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் கூடும். அதை யாரும் பழைய நிலைக்கு இறக்குவதில்லை.

மோட்டார் விஷயமும் இதே கதைதான். எரிந்தால் ரீவைண்டிங், மறுபடி எரிந்தால் மறுபடி ரீவைண்டிங். 15 கிலோவாட் மோட்டார் ஒன்று முழுச் சுமையில் வருடம் 6000 மணி நேரம் ஓடினால் அதன் கரண்ட் செலவு 7 லட்சத்தைத் தொடும். மோட்டாரின் விலையே அதில் ஒரு சிறு பங்குதான். மோட்டாரின் திறனை ஐஇ என்று தரம் பிரிப்பார்கள், எண் கூடினால் திறன் கூடும். ஐஇ1 ரகத்தில் 88.7 சதவீதமாக இருக்கும் திறன், ஐஇ3 ரகத்தில் 92.1. பல தடவை ரீவைண்ட் செய்தது ஐஇ1 அளவைக்கூட எட்டாது. ஆனாலும் எல்லா மோட்டாரையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடுவதை மாற்றினால் போட்ட பணம் திரும்பவே திரும்பாது. எதை மாற்றுவது, எதை விடுவது என்று சொல்வதற்குத்தான் தணிக்கை.

ஃபவுண்டரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரு டன் இரும்பை உருக்கி 1500 டிகிரிக்குக் கொண்டுவர, ஏட்டுக் கணக்கில் 400 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவை. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் (மின்சார உருக்கு உலையில்) நடைமுறையில் 550 முதல் 650 வரை போகிறது. நடுவில் இருப்பதில் பெரும்பகுதி மானியம் இல்லாமலே குறைக்கக்கூடியது. மூடியைத் திறந்து போட்டு உருக்குகிறார்கள். மோல்டு தயாராகாமல் உருகிய இரும்பை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். வார்ப்பிலிருந்து வெட்டி எடுத்த ரன்னர், ரைசர் துண்டுகள் திரும்பி வரும்போது ஒட்டியிருக்கும் மணலோடு அப்படியே ஃபர்னஸுக்குள் போடுகிறார்கள். அந்த மணலையும் நீங்கள் காசு கொடுத்து உருக்கி, ஸ்லாக் என்று வழித்து வெளியே கொட்டுகிறீர்கள். ஷாட் பிளாஸ்டிங் செய்து (இரும்புக் குண்டுகளை வீசி மணலை உதிர்த்து) போடச் சொன்னால், "அதுக்கு நேரமில்லீங்க" என்று பதில் வருகிறது.

டையிங் ஆலைகளில் நான் முதலில் தேடுவது பாய்லர் நீராவி வேலை முடித்துக் குளிர்ந்து வரும் சுடுநீரைத்தான், அதாவது கண்டன்சேட்டை. கண்டன்சேட்டைத் திரும்பக் கொண்டுவந்து பாய்லர் தண்ணீரின் வெப்பத்தை 6 டிகிரி ஏற்றினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். அதைக் கால்வாயில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"சோலார் போட்டுட்டோமே, இனி ஆடிட் எதுக்குங்க?" என்பது அடுத்தது. சோலார் நல்லது, போடுங்கள். ஆனால் அது மின்சாரத்தைத் தயாரிக்கிறது, வீணாவதை நிறுத்துவதில்லை. வீணாவதை முதலில் அடைத்திருந்தால் இன்னும் சின்ன பிளான்ட் போதுமாக இருந்திருக்கும். மெயின் போர்டில் மாட்டினால் 30 சதவீதம் குறையும் என்று விற்கும் 'பவர் சேவர்' பெட்டிகளைப் பற்றி ஒரே வரி: வாங்காதீர்கள். கெப்பாசிட்டர் வைத்துப் பவர் ஃபேக்டரை (வாங்கும் மின்சாரத்தில் உபயோகமாகும் பங்கை) சரி செய்வது வேறு, அது அவசியம். எச்டி (உயர் அழுத்த) இணைப்பில் அது 0.90க்குக் கீழே போனால் ஒவ்வொரு 0.01க்கும் மின்கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாக வசூலிப்பார்கள், 0.85க்குக் கீழே இன்னும் அதிகம்.

ஆடிட்டர் வந்தால் ஈபிக்குத் தகவல் போகும், அபராதம் வரும் என்ற பயமும் இருக்கிறது. சின்ன ஆலைகளில் சூப்பர்வைசர் என்னை பேனலைத் திறக்கவே விடுவதில்லை. 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி கட்டாயத் தணிக்கை இருப்பது, அதிக மின்சாரமும் எரிபொருளும் செலவழிப்பவை என்று அரசு அறிவித்த பெரிய ஆலைகளுக்கு. நீங்கள் விரும்பிச் செய்துகொள்ளும் தணிக்கையில் யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை. அறிக்கை உங்களுடையது. க்ளாம்ப் மீட்டர் (கேபிளைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளப்பது) போட அரை மணி நேரம் விடுங்கள்.

செலவே இல்லாமல் கிடைப்பதும் உண்டு. எச்டி பில்லில் டிமாண்ட் கட்டணத்தைப் பாருங்கள். டிமாண்ட் என்பது ஒரே நேரத்தில் நீங்கள் இழுக்கும் உச்ச அளவு, கேவிஏ கணக்கில். ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், அல்லது உண்மையில் பதிவானது, எது அதிகமோ அதற்குக் கட்டுகிறீர்கள். 500 கேவிஏ வாங்கி வைத்து 350தான் தொடுகிறீர்கள் என்றால் மாதாமாதம் 450க்குப் பணம் போகிறது. 400 ஆகக் குறைத்தால் 360க்குக் கட்டினால் போதும். கேவிஏவுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் மாதம் 54,000 மிச்சம். திரும்ப ஏற்றுவது சுலபமில்லை, அதனால் அடுத்த இரண்டு வருட ஆர்டரை யோசித்துவிட்டுச் செய்யுங்கள். காலையிலும் மாலையிலும் பீக் நேரத்துக்கு எச்டி ஆலைகள் 25 சதவீதம் கூடுதலாகக் கட்டுகின்றன. ஃபர்னஸைப் பற்றவைக்கும் நேரத்தை மாற்ற முடியுமா என்று ஷிஃப்ட் ஆட்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஆக, செய்ய வேண்டிய வரிசை இது. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி 12 மாத மின்கட்டண பில், டீசல், விறகு, நிலக்கரி வாங்கிய கணக்கு, மாத உற்பத்தி எவ்வளவு டன் அல்லது எவ்வளவு கிலோ என்ற கணக்கு, மூன்றையும் எடுத்து வையுங்கள். உற்பத்திக் கணக்கு இல்லாமல் பில்லை மட்டும் நீட்டினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது. பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய், இப்போது நடப்பில் இருக்கும் விதிகளையும் உச்சவரம்பையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இயந்திரம் விற்கிறவரே அழைத்து வரும் ஆளை வைத்துத் தணிக்கை செய்யாதீர்கள். பிஇஇ சான்று பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஆலை முழு ஓட்டத்தில் இருக்கும் நாளில் வரச் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வந்து, உட்கார்ந்து படித்து, புரியாததைக் கேட்ட பிறகு கொட்டேஷன் வாங்குங்கள். அதுவரை பழைய மெஷினை விற்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு இதை மட்டும் செய்யுங்கள். எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். எத்தனை விநாடி லோடில் (காற்றை அழுத்தி) ஓடுகிறது, எத்தனை விநாடி அன்லோடில் (காற்றை அழுத்தாமல் சும்மா) ஓடுகிறது என்று ஃபோனில் நேரம் பாருங்கள். 30 விநாடி லோடு, 70 விநாடி அன்லோடு என்றால் 30 சதவீதம் கசிவு. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஎஃப்டி கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு வேகத்தைப் பார்க்க வேண்டும். கசிவு 10 சதவீதத்தைத் தாண்டினால் சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் போங்கள். டீலருக்கு அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை ஃபோன் செய்து கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.