பெல்ட் கத்தினால் புல்லியையும் பாருங்கள்

"அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் கீச்சுனு ஒரு சத்தம். அஞ்சு நிமிஷத்துல அதுவா நின்னுடுது." மதுரையில் பட்டறை வைத்திருக்கும் நான் வாரம் ஒருமுறையாவது கேட்கும் வசனம் இது. எஞ்சின் பக்கவாட்டில் ஓடும் ஃபேன் பெல்ட் கத்துகிற சத்தம்தான் அது. அதுவாக நின்றுவிடுகிறது என்பதுதான் இதில் ஆபத்து. நிற்காமல் கத்தியிருந்தால் மறுநாளே வண்டியைக் கொண்டுவந்திருப்பார்கள்.

அப்படி ஒருவர், நண்பர் சொன்னார் என்று, பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்த்தார். சத்தம் போய்விட்டது. மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது பேட்டரி லைட் எரிந்தது. பேட்டரிதானே, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினார். அடுத்த வளைவில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. அப்போதும் நிறுத்த நல்ல இடம் தேடி மேலே போயிருக்கிறார். அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "டெம்பரேச்சர் முள் மேல போச்சு, இப்ப தானா இறங்கிடுச்சு" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொதித்து வெளியேறிவிட்டால் சென்சாரைத் தொட நீர் இருக்காது. அப்போது முள் இறங்கத்தான் செய்யும். 900 ரூபாய் பெல்ட்டில் முடிந்திருக்க வேண்டியது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள சீல்), ஹெட் ஃபேஸிங் (வளைந்த தலைப்பகுதியைச் சமப்படுத்துவது) என்று 38,000 ரூபாயில் போய் நின்றது.

இந்தப் பெல்ட்டை இன்னும் நாம் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறோம். அம்பாசடர் காலத்தில் அது ரேடியேட்டர் ஃபேனையும் சேர்த்துச் சுற்றியது. இன்றைய கார்களில் பெரும்பாலும் ஃபேன் கரண்டில் ஓடுகிறது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. எஞ்சினோடு சுற்றும் கிராங்க் புல்லியிலிருந்து (புல்லி என்பது பெல்ட் ஓடும் சக்கரம்) சுழற்சியை வாங்கி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் இருந்தால் அதன் பம்ப் என்று எல்லாவற்றையும் ஓட்டுவது இந்த ஒற்றைப் பெல்ட்தான். பேட்டரி லைட்டும் கனத்த ஸ்டீயரிங்கும் ஏறும் முள்ளும் அடுத்தடுத்து வந்ததற்குக் காரணம் அதுதான். பேட்டரி லைட்டோடு முள்ளும் ஏறினால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நிழல் தேடிப் போகாதீர்கள்.

சத்தத்துக்கு வருவோம். எஞ்சின் ஓடும்போது, கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு, பெல்ட்டின் ரிப் (நீளவாட்டு வரி) உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சிப் பார்ப்போம். கத்தல் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இழுவிசை போதவில்லை. குருவி கத்துவது போல் விட்டுவிட்டு வரும் சத்தம் சற்று அடங்கி மறுபடி வந்தால், ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. காலைப் பனி ஈரத்தில் மட்டும் கத்தும் வண்டிகள் பெரும்பாலும் முதல் வகை. ஈரம் காய்ந்ததும் பிடிமானம் திரும்புகிறது, சத்தம் நிற்கிறது. அப்போதும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தபடியேதான் இருக்கிறது.

தண்ணீருக்கு மசியாமல் உர்ரென்று ஒரே சீராக வந்தால் சந்தேகம் புல்லியை உள்ளிருந்து தாங்கிச் சுழலவிடும் பேரிங் மேல்தான். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை அசையாத போல்ட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் எந்தப் பேரிங் என்று தெரிந்துவிடும். இதை நீங்கள் வீட்டில் முயல வேண்டாம். துப்பட்டா, வேட்டி, தொங்கும் சட்டைக்கை எதுவானாலும் ஓடும் பெல்ட்டுக்கு ஒன்றுதான். எஞ்சினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழலும், விரலை அங்கே நீட்டாதீர்கள்.

தொழில் பழகிய காலத்தில் நானே ஒரு வண்டிக்கு இரண்டு மாதத்தில் இரண்டு பெல்ட் மாற்றியிருக்கிறேன். இரண்டு முறையும் சத்தம் திரும்பி வந்தது. பெல்ட் கம்பெனியைத் திட்டினேன். மூன்றாவது முறை பெல்ட்டைக் கழற்றியதும் என் ஆசான் டென்ஷனர் புல்லியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சரசரவென்று வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "எவ்வளவு லேசா சுத்துது பாரு, உள்ள கிரீஸே இல்ல" என்றார். நல்ல பேரிங் கொஞ்சம் இறுக்கமாக, சத்தமில்லாமல் சுற்றிச் சீக்கிரம் நின்றுவிடும். தாராளமாகச் சுற்றினாலோ மணல் அரைவது போல் உணர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. புல்லி எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாகச் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஆல்டர்னேட்டர் புல்லி ஏறத்தாழ 8,000 சுற்றில் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு பேரிங் இறுகினால் எந்தப் பெல்ட்டும் தாங்காது. "நான் ஏசியே போடுறதில்லையே" என்பவர்களுக்கும் சொல்கிறேன், பெல்ட்டோடு சேர்ந்து கம்ப்ரஸர் புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் பெல்ட் மாற்ற விட்டால், கழற்றிய கையோடு ஒவ்வொரு புல்லியையும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, இதற்குத் தனிக் கூலி கேட்கிறவர் குறைவு. எஞ்சின் ஐட்லில் டென்ஷனர் கை தடதடவென்று ஆடினால் அதன் ஸ்பிரிங்கோ ஆட்டத்தை அடக்கும் டேம்பரோ போய்விட்டது என்று அர்த்தம்.

வெடிப்பு விழவில்லையே, பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். பழைய நியோபிரீன் பெல்ட்டுக்கு அந்தக் கணக்குச் சரி. இப்போது வரும் ஈபிடிஎம் ரப்பர் லேசில் வெடிக்காது. டயர் போலத் தேயும். பெல்ட்டின் பள்ளம் அகன்று, ரிப் புல்லிப் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்ததும் பிடிமானம் போய்விடும். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். ரிப் தேய்மானத்தை அளக்கச் சின்ன பிளாஸ்டிக் கேஜ் இருக்கிறது, இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே தெரியும். கிலோமீட்டர் கணக்கு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், பொதுவாக 60,000 முதல் 1 லட்சத்துக்குள் வரும்.

எண்ணெய் பட்ட பெல்ட்டைத் துடைத்து மாட்டாதீர்கள், ரப்பர் ஊறிவிடும். முதலில் ஒழுகலை அடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பெல்ட்டில் அடிக்கும் ஸ்பிரேயும் சோப்பின் தம்பிதான், தூசியைக் கூட்டிச் சேர்க்கும். அப்புறம் எலி. பல நாள் நிறுத்திய வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பெல்ட்டில் பல் தடம் இருக்கிறதா பாருங்கள்.

வாங்கும்போது பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். 6பிகே1180 என்றால் ஆறு ரிப், 1,180 மில்லிமீட்டர் நீளம். "பத்து மில்லிமீட்டர்தானே, டென்ஷனர் பார்த்துக்கும்" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள். டென்ஷனர் இல்லாமல் இழுத்து மாட்டும் எலாஸ்டிக் பெல்ட்டுகளும் வருகின்றன. அவற்றைக் கழற்றினால் மறுபடி மாட்டக்கூடாது.

டைமிங் பெல்ட் வேறு, இது வேறு. அது மூடிக்குள் இருந்து வால்வுகளை இயக்குவது. ஆனால் வெளிப் பெல்ட்டின் நார் பிய்ந்து கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றி, அந்த மூடிக்குள் புகுந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன்.

கொடைக்கானல் போனவர் இப்போது எந்தச் சத்தத்துக்கும் உடனே வந்துவிடுகிறார். போன மாதம் வந்து, வளைவுகளில் கிலுகிலுவென்று கேட்கிறது என்றார். அரை மணி நேரம் தேடினேன். டாஷ்போர்டில் இருந்த விபூதி டப்பா.