இம்பெர்ஃபெக்தோ: முடிவு சுட்டா இறந்தகாலம்

‘மரியா தெருவைக் கடந்தாள்.’ தமிழில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். ஸ்பானிஷில் வினைச்சொல்லுக்கு வரும்போது ஒரு நொடி நின்று முடிவெடுக்க வேண்டும். ‘மரியா க்ருஸோ லா காய்யே’ என்றால் அவள் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிவிட்டாள். ‘மரியா க்ருஸாபா லா காய்யே’ என்றால் அவள் கால் இன்னும் தார் ரோட்டில்தான் இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் போய்ச் சேரலாம், யாராவது கூப்பிட்டுத் திரும்பி வரலாம், ஒரு கார் வந்து இடித்தும் இருக்கலாம். வாக்கியம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டுமே இறந்தகாலம், இரண்டுமே ஒற்றைச் சொல். முதலாவது பிரெத்தேரித்தோ, இரண்டாவது இம்பெர்ஃபெக்தோ. ஸ்பானிஷ் கற்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறார்கள். இந்த இடத்தில் அவர்கள் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் பெயர்கள்தான் என்று நினைக்கிறேன். ஒரு மாணவரின் நோட்டில் இம்பெர்ஃபெக்தோவுக்கு நேராக ‘குறை இறந்தகாலம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் எந்தக் குறையும் இல்லை. அதைச் சொல்லவே இந்தச் சொற்களை அவை பிறந்த இடத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

பிரெத்தேரித்தோ நேரே லத்தீனிலிருந்து வந்தது. ‘ப்ரைத்தெர்’ என்றால் அப்பால், தாண்டி. ‘ஈரே’ என்றால் போதல். இரண்டும் சேர்ந்தால் தாண்டிப் போனது, கடந்து போனது. நம் ‘இறந்தகாலம்’ அச்சாக இதே பொருள் உடையது. இன்று ‘இறந்த’ என்றதும் சாவு நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் இறத்தல் என்பது கடத்தல். பொருள் தேடிப் பாலைவழியைக் கடந்து போனவர்களைச் சங்கப் பாடல்கள் ‘சுரம் இறந்தோர்’ என்கின்றன. அவர்கள் செத்துப் போகவில்லை, சுரத்தைத் தாண்டிப் போனார்கள். எல்லை மீறுவதை ‘வரம்பிறத்தல்’ என்று சொன்னதும் இந்தப் பொருளில்தான். ஆகவே பிரெத்தேரித்தோவுக்கு ‘இறந்தகாலம்’ என்பது மொழிபெயர்ப்பு என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு மொழிகளும் ஒரே படத்தைத் தனித்தனியே வரைந்திருக்கின்றன.

ஆனால் இங்கே ஒரு குழப்பம் உண்டு. பிரெத்தேரித்தோ என்பது இரண்டு காலங்களுக்கும் பொதுவான குடும்பப் பெயர். முழுப்பெயர் சொன்னால் ஒன்று ‘பிரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ சிம்ப்லே’, மற்றது ‘பிரெத்தேரித்தோ இம்பெர்ஃபெக்தோ’. பேச்சில் முதலாவதை மட்டும் பிரெத்தேரித்தோ என்று சுருக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டவருக்கான பாடப்புத்தகங்கள் அதையே ‘இந்தெஃபினிதோ’ என்கின்றன. அதற்கு ‘வரையறுக்கப்படாதது’ என்று பொருள். தெளிவாக வரம்பு கட்டிக் காட்டும் ஒரு காலத்துக்கு இப்படி ஒரு பெயர்! இந்தப் பெயரிலிருந்து பொருளைத் தேடாமல் இருப்பதே மாணவருக்கு நல்லது.

இம்பெர்ஃபெக்தோவில் முன்னால் நிற்கும் ‘இம்’ எதிர்மறை. மீதி இருக்கும் ‘பெர்ஃபெக்தோ’ இரண்டு துண்டுகளால் ஆனது: ‘பெர்’ முழுக்க, ‘ஃபாகெரே’ செய்தல். முழுக்கச் செய்யப்பட்டது, செய்து முடிக்கப்பட்டது என்பதே அதன் முதல் பொருள். செய்து முடித்த பொருளில் பாக்கி வேலை இருக்காது; அதனால் அந்தச் சொல் பிற்பாடு ‘குறையற்றது’ என்ற பொருளுக்கு நகர்ந்தது. இலக்கணக்காரர்கள் பழைய பொருளை விடவில்லை. இம்பெர்ஃபெக்தோ என்றால் முடிக்கப்படாதது, அவ்வளவுதான்.

இதைச் சரியாகப் பிடித்தவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. 1492 ஆகஸ்ட் 3 அன்று கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். பதினைந்து நாள் கழித்து, 18ஆம் தேதி, சலமான்கா நகரில் நெப்ரிஹாவின் காஸ்திலிய மொழி, அதாவது ஸ்பானிஷ், இலக்கணம் அச்சாகி முடிந்தது. நெப்ரிஹா லத்தீனில் கரைகண்டவர். லத்தீன் பெயர்களை அப்படியே இறக்கி வைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யாமல், தெருவில் புழங்கும் சொற்களில் ‘பசாதோ அகபாதோ’, ‘பசாதோ நோ அகபாதோ’ என்று பெயர் வைத்தார். முடிந்த கடந்தகாலம், முடியாத கடந்தகாலம். ‘அகபார்’ என்ற வினைக்குள் ‘காபோ’ என்ற சொல் இருக்கிறது: முனை, கடைசி நுனி. அந்தக் காபோ லத்தீனின் ‘கபுத்’, அதாவது தலை, என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் ‘முடி’ தலையில் இருப்பது, ‘முடிவு’ கடைசியில் இருப்பது. இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்புறம் 1847இல் இன்னொருவர் வந்தார். கராகஸில் பிறந்து சிலி நாட்டில் குடியேறிய அந்த்ரெஸ் பெய்யோ, அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ்காரர்களுக்காக எழுதிய இலக்கணத்தில் இம்பெர்ஃபெக்தோ என்ற பெயரையே ஒதுக்கிவிட்டு ‘கோபிரெத்தேரித்தோ’ என்று வைத்தார். ‘கோ’ என்றால் உடன். ‘நீ வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது’ என்று சொல்கிறோம். உன் வருகை நடந்து முடிந்த செயல், மழை அதற்கு உடன் நிகழ்ந்தது. நீ வருவதற்கு முன்பே மழை இருந்தது, வந்த பிறகும் இருந்திருக்கலாம். மெக்சிகோவின் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகள் கோபிரெத்தேரித்தோ என்றுதான் படிக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன பெயர் வைப்பது? ‘தொடர் இறந்தகாலம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது இம்பெர்ஃபெக்தோவின் ஒரு வேலையை மட்டும் பிடிக்கிறது, வழக்கத்தைச் சொல்வது, நிலையைச் சொல்வது என்ற மற்ற இரண்டை விட்டுவிடுகிறது. போதாததற்கு ‘செய்துகொண்டிருந்தேன்’ என்பதற்கென்றே ஸ்பானிஷில் ‘எஸ்தாபா’ போட்டு எழுதும் வேறொரு அமைப்பும் இருக்கிறது. ‘முற்றா இறந்தகாலம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் நம் இலக்கணத்தில் முற்று என்றால் வினைமுற்று, எச்சத்துக்கு எதிரானது. ‘க்ருஸாபா’ முழு வினைமுற்று. அதைப் போய் முற்றாதது என்றால் தமிழ் வாத்தியார் சண்டைக்கு வருவார், அவர் வருவது நியாயமும்கூட. பெய்யோவின் வழியில் ‘உடனிகழ் இறந்தகாலம்’ எனலாம். உடனிகழ்ச்சி மூன்றாம் வேற்றுமையில் நமக்குப் பழகிய சொல்தான், ஆனால் வழக்கமாகச் செய்ததைச் சொல்லும்போது அது எதனுடன் நிகழ்ந்தது என்ற கேள்வி தொங்கிக்கொண்டு நிற்கும்.

நெப்ரிஹாவின் ‘முடியாத’ எல்லாவற்றையும்விடக் கிட்ட வருகிறது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நான் சிறுவனாக இருந்தபோது’ என்பதற்கு ஸ்பானிஷில் இம்பெர்ஃபெக்தோதான். சிறுவயது எப்போதோ முடிந்துபோனது, அதை முடியாதது என்று எப்படிச் சொல்வது? உலகத்தில் அது முடிந்ததா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. பேசுகிறவர் அந்த முடிவைக் காட்டுகிறாரா இல்லையா என்பதுதான் கணக்கு. அதனால் நான் ‘முடிவு சுட்டும் இறந்தகாலம்’, ‘முடிவு சுட்டா இறந்தகாலம்’ என்று எழுதுகிறேன். சுட்டு என்ற சொல் நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. பெயர் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அதைச் சொல்லும்போதே எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

தேர்ந்தெடுப்பது தமிழர்களுக்குச் சுலபமாக இருக்க வேண்டியது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி நம் வீட்டுத் தமிழிலேயே இருக்கிறது, நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. ‘சின்ன வயதில் எனக்குப் பாகற்காய் பிடிக்காது’ என்று சொல்கிறோம். சின்ன வயதோ போய்விட்டது, ஆனால் அங்கே யாரும் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்வதில்லை. ‘பிடிக்கவில்லை’ என்றால் ஒரு நாள், ஒரு சாப்பாடு, ஒரு படம். ஸ்பானிஷ்காரர் முதலாவதை ‘நோ மே குஸ்தாபா’ என்பார், இரண்டாவதை ‘நோ மே குஸ்தோ’ என்பார். பிடிக்கும், பிடிக்காது, தெரியும், தெரியாது, முடியும், முடியாது என்ற நம் சொற்களை நடந்துபோன காலத்துக்குச் சொல்லும்போது அவை அப்படியே இம்பெர்ஃபெக்தோவின் இடத்தில் போய் உட்காருகின்றன.

பாடப்புத்தகங்களில் ஒரு பட்டியல் இருக்கும்: பிரெத்தேரித்தோவில் பொருள் மாறும் வினைகள், மனப்பாடம் செய்க. ‘சபியா’ என்றால் தெரிந்திருந்தது, ‘சுபே’ என்றால் தெரியவந்தது. ‘பொதியா’ என்றால் முடியும் நிலையில் இருந்தது, ‘புதே’ என்றால் செய்தே முடித்தது. தமிழருக்கு இந்தப் பட்டியல் தேவையே இல்லை. ‘அவன் வரமாட்டான் என்று எனக்கு அப்போதே தெரியும்’: சபியா. ‘நேற்று ராத்திரிதான் தெரிந்தது’: சுபே. ‘அந்த வயதில் என்னால் ஆற்றை நீந்திக் கடக்க முடியும்’: பொதியா. ‘ஒருவழியாகக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது’: புதே. முடிந்தது என்றாலே பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று கேட்பவருக்குப் புரிகிறது அல்லவா? இங்கே எந்த வினைக்கும் பொருள் மாறவில்லை. தெரிதல் என்ற நிலைக்கு ஒரு வரம்பு கட்டினால், அது தெரிந்துகொண்ட அந்தக் கணமாகிவிடுகிறது. இரண்டு மொழிகளிலும் இதுவேதான் நடக்கிறது.

வழக்கத்தைச் சொல்லும்போது இது இன்னும் அழகாகத் தெரியும். ‘லீவு விட்டால் ஆத்தா வீட்டுக்குப் போவோம், கிணற்றில் குதிப்போம், மாமா திட்டுவார்.’ ஒவ்வொரு வினையும் எதிர்காலம், கதையோ முப்பது வருடம் பழையது. இந்த மூன்று வினைகளுக்கும் ஸ்பானிஷில் இம்பெர்ஃபெக்தோ. நம் இலக்கணக்காரர்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. நன்னூலில் கால வழுவமைதி சொல்லும் இடத்தில், இயல்பு காரணமாகக் காலம் மாறி வரலாம் என்று இருக்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு: ‘யாம் பண்டு விளையாடுவது இக்கா’. கா என்றால் சோலை. முன்பு நாங்கள் விளையாடுவது இந்தச் சோலையில்தான். ‘பண்டு’ என்று ஒரு சொல், அதன் பக்கத்திலேயே ‘விளையாடுவது’! ஸ்பானிஷில் இதைச் சொன்னால் ‘ஹுகாபமோஸ்’, விளையாடுவோம். ‘ஹுகாமோஸ்’ என்று பிரெத்தேரித்தோவில் சொன்னால் சோலையில் ஒரு நாள் ஆடிய ஆட்டமாகச் சுருங்கிவிடும்.

‘மணி அஞ்சு இருக்கும், யாரோ கதவைத் தட்டினார்கள்.’ ‘அப்போ எனக்கு எட்டு வயசு இருக்கும்.’ ஸ்பானிஷில் நடந்துபோன நேரத்தைச் சொல்ல எப்போதும் இம்பெர்ஃபெக்தோ, ‘எரான் லாஸ் சிங்கோ’. அந்தச் சமயத்தில் இருந்த வயதுக்கும் அதுதான், ‘தெனியா ஓச்சோ ஆன்யோஸ்’. நம் ‘இருக்கும்’ என்பதில் ஒரு தோராயமும் கலந்திருக்கிறது, அவர்கள் சொல்வதில் அது கிடையாது. மற்றபடி இடம் ஒன்றுதான்.

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் ‘இருந்தது’, ‘வாழ்ந்தார்’ போன்ற சொற்கள். ‘என் பாட்டி டீச்சராக இருந்தார்’ என்பதை ‘எரா’ போட்டும் எழுதலாம், ‘ஃபுயே’ போட்டும் எழுதலாம். பாட்டியைப் பற்றி ஒரு கதை தொடங்கப் போகிறீர்கள், அவர் டீச்சர் என்பது அதற்குப் பின்னணி என்றால் எரா. அவர் வாழ்க்கையை முழுதாகத் தூர நின்று பார்த்து, அவர் செய்த வேலை அது என்று சொன்னால் ஃபுயே. இங்கே சரி, தவறு என்று ஒன்றும் இல்லை. நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பதுதான்.

இன்னொரு பொறி, நீளம். ரொம்ப நாள் நடந்தது என்றால் இம்பெர்ஃபெக்தோ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி 711இல் தொடங்கி 1492இல் கிரனாதா வீழ்ந்ததோடு முடிந்தது. 781 வருடம் நீடித்தது என்று எழுத ஸ்பானிஷில் ‘துரோ’ என்பார்கள், பிரெத்தேரித்தோ. எட்டு நூற்றாண்டை எட்டப்போகும் காலம், ஆனாலும் இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு நேர்மாறாக, மேஜை ஓரத்திலிருந்து கிளாஸ் விழப்போனது, நான் பிடித்துவிட்டேன் என்றால், அந்த அரை நொடி விழுதலுக்கு ‘கயியா’, இம்பெர்ஃபெக்தோ. கிளாஸ் தரையைத் தொடவில்லை, விழுதலுக்கு முடிவே வரவில்லை. எண்ணிக்கையும் இப்படித்தான்: ‘மூன்று தடவை போனேன்’ என்று எண்ணிவிட்டால் கணக்கு மூடப்பட்டது, ‘ஃபுயி’. ‘அடிக்கடி போவேன்’ என்றால் கணக்கு திறந்திருக்கிறது, ‘இபா’.

வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இம்பெர்ஃபெக்தோவில் விதிக்கு அடங்காத வினைகள் மொத்தமே மூன்று: எரா (இருத்தல்), இபா (போதல்), வேயியா (பார்த்தல்). பிரெத்தேரித்தோவில்தான் பாடுபட வேண்டும்.

கடைசியாக, இந்தக் காலம் இறந்தகாலத்தை விட்டே வெளியே போகும் இடங்களைச் சொல்ல வேண்டும். மாத்ரீத் காபிக் கடையில் ஒருவர் ‘கெரியா உன் கஃபே’ என்பார். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘ஒரு காபி வேண்டியிருந்தது’. அவருக்குக் காபி இப்போதுதான் வேண்டும், மரியாதைக்காகக் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்கிறார். ‘ஒரு உதவி கேட்கலாம்னு வந்தேன்’ என்று நாம் இழுப்பதுபோல. குழந்தைகள் விளையாட்டிலும் இம்பெர்ஃபெக்தோ வரும். ‘யோ எரா லா மெதிகா, து எராஸ் எல் என்ஃபெர்மோ.’ நம் பிள்ளைகள் இதையே ‘நான் டாக்டராம், நீ பேஷண்டாம்’ என்று சொல்வார்கள். நாம் ‘ஆம்’ ஒட்டுகிறோம், அவர்கள் ‘எரா’ போடுகிறார்கள். அந்தத் திண்ணை ஆஸ்பத்திரியில் எதுவும் இறந்தகாலத்தில் இல்லை, எல்லாம் இனிமேல்தான் தொடங்க வேண்டும். நான் வைத்த பெயரில் ‘இறந்தகாலம்’ என்ற பாதி அங்கே உதிர்ந்துவிடுகிறது. ‘முடிவு சுட்டா’ என்ற பாதி மட்டும், அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும், பொருந்துகிறது.